மிஸ் ஏன் கத்துகிறார்?

கம்பளை பஸ் நிலையத்தில் விடியக்காலையில் வந்து இறங்கும் கூட்டத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். கையில் ஒரு சொப்பிங் பேக். அதற்குள் மூலை மடிந்த கிளினிக் கொப்பி, இரத்தம் பார்க்கக் கொடுத்த துண்டு, தீர்ந்துபோன மாத்திரையின் வெறும் அட்டை. தொலஸ்பாகைப் பக்கமிருந்தும் புசல்லாவைப் பக்கமிருந்தும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர்கள். தேத்தண்ணிக் கடை திறந்துதான் இருக்கும். அந்தப் பக்கம் திரும்பமாட்டார்கள். சீனி பார்க்க வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டும். முந்திய இரவு சாப்பிட்ட சோற்றோடு மலைப் பாதை வளைவுகளில் குலுங்கி வந்து, வரிசையில் நின்று, இரத்தம் கொடுத்து, ஒரு வாய் தேத்தண்ணி குடிப்பதற்குள் எட்டரை ஆகிவிடும். டொக்டருக்கான காத்திருப்பு அதன் பிறகுதான் தொடங்குகிறது.

ஏன் இவ்வளவு வெள்ளென வரவேண்டும்? முந்தி வந்தவருக்கு முந்திய நம்பர். அதனால் எல்லோரும் முந்தி வருகிறார்கள். எல்லோரும் முந்தி வந்தால் யாருமே முந்தி வந்ததாகாது என்பது கணக்கு வாத்தியாருக்குத் தெரியும். மூட்டு வலியோடு இருக்கிற பாட்டிக்கு அந்தக் கணக்கைப் பரீட்சித்துப் பார்க்க விருப்பமில்லை.

பத்து மணி அளவில் வாசலில் பசியும் வேர்வையும் பிள்ளை அழுகையும் ஒன்றாகச் சேரும்போது தாதி மிஸ் வெளியே வந்து கத்துவார். நம்பர் கூப்பிட்டபோது எங்கே போயிருந்தீர்கள், கொப்பியை ஏன் முகத்துக்கு நேரே நீட்டுகிறீர்கள், போன மாதம் ஏன் வரவில்லை. பெரும்பாலும் சிங்களத்தில். வாங்கிக் கட்டிக்கொள்கிறவர்களில் பாதிப் பேர் தமிழில் யோசிக்கிறவர்கள். நானும் வாங்கியிருக்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்பதை விடுங்கள். மலைநாட்டில் எங்கே போனாலும் இந்தக் காட்சிக்குப் பஞ்சமில்லை.

கத்துகிறவர் மனிதத்தன்மை இல்லாதவர் என்று முடித்துவிடுவது நமக்கு வசதி. முகநூலில் வீடியோ போடலாம். போடுகிறார்கள். நாலு நாள் கொதித்து அடங்குகிறது. அடுத்த கிளினிக் நாளில் அதே வாசலில் வேறொரு மிஸ் அதே வசனங்களைச் சொல்லிக் கத்துகிறார். எழுதி வைத்த நாடகம் மாதிரி, நடிகை மட்டும்தான் மாறுகிறார். அப்படியானால் நாடகத்தை எழுதியது யார்?

அரசாங்க ஆஸ்பத்திரித் தாதியரின் நாள் மூன்றாகப் பிரிந்திருக்கிறது. காலை ஏழிலிருந்து ஒன்று, ஒன்றிலிருந்து ஏழு, இரவு ஏழிலிருந்து மறுநாள் ஏழு. ஆள் குறையும்போது ஒன்றோடு ஒன்றை ஒட்டிச் செய்யவேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு மிஸ் சொன்னார்: "காலையும் பின்னேரமும் சேத்துச் செஞ்சிட்டு வந்து படுத்தா, கனவுலயும் யாருக்கோ சேலைன் முடியுதுங்க. எழும்பி ஓடுறேன்."

ஆள் குறைந்தது தற்செயலாக அல்ல. 2022ஐ நினைத்துப் பாருங்கள். அந்த வருடம் மார்ச் கடைசியில், இங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் இருக்கும் பேராதனை போதனா வைத்தியசாலையில், மருந்துத் தட்டுப்பாட்டால் முன்கூட்டியே நாள் குறித்திருந்த சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைத்தார்கள். அந்தச் செய்தியைப் பார்த்து இந்திய வெளிவிவகார அமைச்சர் ஜெய்சங்கரே டுவிட்டரில் கவலை தெரிவித்தார். ஜூனில், அரச ஊழியர்கள் சம்பளமில்லாத லீவில் ஐந்து வருடம் வரை வெளிநாடு போய் வேலை செய்யலாம் என்று சுற்றறிக்கை வந்தது. வருடக் கடைசியில் ஓய்வு வயது 60க்கு இறங்கியது. அனுபவசாலிகள் கூட்டமாக வீட்டுக்குப் போனார்கள். விசேட வைத்தியர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். டொலர் இல்லாத அரசாங்கத்துக்கு இவை தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் ஒரே வருடத்தில் முன் கதவையும் பின் கதவையும் திறந்துவிட்டால் உள்ளே மிஞ்சியிருப்பவர் எத்தனை பேருக்கு ஓடுவது?

அதோடு, மருந்து இல்லை என்ற செய்தியை நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்வது அமைச்சரோ பணிப்பாளரோ அல்ல. மருந்து கொடுக்கிற யன்னலில் நிற்பவர். துண்டை நீட்டி, "இதை வெளியில வாங்கிட்டு வாங்க" என்று சொல்லி, வாங்கக் காசில்லாத முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறவர். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்து, மகாவலி கம்பளை டவுனுக்குள் ஏறியதே, மலைகள் சரிந்தனவே, அப்போது ஆஸ்பத்திரிக்காரர்களுக்கும் வீடு இருந்தது, வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள். டியூட்டியும் இருந்தது.

இப்படி ஓடி ஓடி வரும் பணிச்சோர்வைப் பற்றி முதலில் விரிவாக எழுதியவர்களில் ஒருவர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர். 1974இல். அவர் அதைப் பார்த்த இடம் பணக்கார ஆஸ்பத்திரி அல்ல; நியூயோர்க்கில் ஏழைகளுக்காக நடந்த ஓர் இலவச கிளினிக். ஆசையோடு வந்தவர்களே முதலில் காய்ந்துபோனதைக் கண்டார். பின்னால் கிறிஸ்டினா மாஸ்லாக் அதை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்: உடலும் மனமும் வற்றிப்போவது, எதிரில் இருப்பவரை ஆளாகப் பார்க்க முடியாமல் போவது, செய்வதில் பலனில்லை என்று தோன்றுவது. அந்த இரண்டாவதுதான் நம் ஊர் வாட்டில் "பதினொண்ணாம் கட்டில்" என்று கேட்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அந்த ஆளின் வீடும் பிள்ளைகளும் கூடவே மனதுக்குள் வந்துவிடும். கட்டில் நம்பருக்கு வீடு கிடையாது. 2019இல் உலக சுகாதார நிறுவனமும் இதைத் தன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் விளக்கிச் சொன்னது, நோயாக அல்ல, வேலைத்தளத்தில் சரியாகக் கையாளப்படாத மன அழுத்தத்தின் விளைவாக. ஆகவே ஆஸ்பத்திரியில் ஒரு நாள் யோகா வகுப்பு வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ள முடியாது.

இவ்வளவும் உலகம் முழுக்க உள்ள கதை. கம்பளையில் இன்னொன்றும் இருக்கிறது. அதை ஆய்வுக் கட்டுரைகளில் நான் பார்த்ததே இல்லை.

தோட்டத்திலிருந்து வரும் வயதான அம்மாவுக்கும் தென்பகுதியிலிருந்து மாற்றலாகி வந்த இளம் டொக்டருக்கும் நடுவில் பாஷை நிற்கிறது. சட்டத்தில் குறையில்லை. 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கியது. 2007இன் சுற்றறிக்கை ஒன்று புதிதாகச் சேரும் அரச ஊழியர்கள் இரண்டாவது மொழியும் படிக்கவேண்டும் என்றது. படித்துச் சான்றிதழ் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் "நெஞ்சுக்குள்ள என்னமோ பெசையிற மாதிரி இருக்குங்க" என்பது எந்தப் பாடப் புத்தகத்திலும் வராது.

அப்போது என்ன நடக்கிறது? கூட வந்த பேரனை டொக்டர் கூப்பிடுகிறார். பத்தாம் வகுப்புப் பையன். பாட்டிக்குக் கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது. பேரன் வாயால் அதை எப்படிக் கேட்பது, பாட்டி அதை அவன் காதுபடச் சொல்வாளா? இடுப்பு வலி என்று சொல்லி வலி மாத்திரை வாங்கிக்கொண்டு போவாள். அடுத்த மாதமும் இடுப்பு வலிதான்.

பேரன் இல்லாவிட்டால் தமிழ் தெரிந்த ஒரு மிஸ், அல்லது தமிழ் தெரிந்த சிற்றூழியர் ஒருவர். ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் அப்படி ஒரு அக்கா இருப்பார். ஒரு வாட்டில் படுக்கை மாற்றிக்கொண்டிருப்பார். இன்னொரு வாட்டிலிருந்து கூப்பிடுவார்கள். போய்க் கதைத்துவிட்டு வருவதற்குள் பாதியில் விட்ட வேலைக்காக ஒருவர் ஏசுவார். அவருடைய வேலை விபரத்தில் மொழிபெயர்ப்பு என்று ஒரு வரி இல்லை. அதற்கு ஓவர்டைமும் இல்லை. அதைவிடப் பெரிய பாரம் வேறு. "கட்டி வந்திருக்கும்மா, கண்டிக்குப் போய்க் காட்டணுமாம்" என்று ஒரு தாய்க்கு முதலில் சொல்வது டொக்டரின் வாய் அல்ல, அந்த அக்காவின் வாய். அந்தத் தாய் அழுவது டொக்டரிடம் அல்ல. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு. டொக்டர் அடுத்த கொப்பியைத் திறந்துவிடுவார். கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்று மருத்துவ மாணவர்களுக்காவது சொல்லிக்கொடுக்கிறார்கள். இந்த அக்காவுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? பணிச்சோர்வு என்று மாநாடு கூட்டுகிறவர்கள் டொக்டர்களையும் தாதியரையும் எண்ணுகிறார்கள். அக்கா எண்ணிக்கைக்குள் வருவதே இல்லை.

டொக்டரையும் குற்றம் சொல்லிவிட முடியாது. ஒருவருக்கு நூறு கொப்பி, நாலு மணித்தியாலம் என்று வைத்துக்கொண்டால் ஆளுக்கு இரண்டரை நிமிடம்கூட வராது. 2017இல் 67 நாடுகளின் கணக்கைத் தொகுத்து வெளியான ஆய்வு ஒன்றில், ஒரு நோயாளியோடு டொக்டர் சராசரியாகச் செலவிடும் நேரம் பங்களாதேசத்தில் 48 செக்கன், சுவீடனில் இருபத்திரண்டரை நிமிடம். சுவீடன் டொக்டர் நல்ல மனசுக்காரர் என்றா இதற்கு அர்த்தம்? நேரம் வேண்டுமென்றால் நம்மவர்களும் பின்னேரத்தில் அதே டொக்டரைக் காசு கட்டிச் சனல் பண்ணிப் பார்க்கிறார்கள். காலையில் நிமிர்ந்து பார்க்க நேரமில்லாதவர் மாலையில் சிரித்துக் கதைக்கிறார். 1951இல் ஆஸ்பத்திரிக் கட்டணத்தை ஒழித்த நாடு நேரத்தை மட்டும் தனியாக விலைக்கு வைத்திருக்கிறது.

நோயாளியை நடுவில் வைத்துச் சிகிச்சை செய்யவேண்டும் என்பது உலகத்துக்குப் பழைய பாட்டு. 2008இல் டொனால்ட் பெர்விக்கும் கூட்டாளிகளும் நல்ல சுகாதார சேவைக்கு மூன்று இலக்குகள் சொன்னார்கள்: மக்களின் ஆரோக்கியம், நோயாளியின் அனுபவம், செலவு. வேலை செய்கிறவரின் வாழ்க்கையை நாலாவதாகச் சேர்க்கவேண்டும் என்று போடன்ஹைமரும் சின்ஸ்கியும் எழுத 2014 ஆயிற்று. நம் நாட்டிலும் முயற்சி இல்லாமலில்லை. கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலையில் 2000இல் தொடங்கிய, வேலைத்தளத்தை ஒழுங்காக வைக்கும் ஜப்பானிய ஐந்து எஸ் முறை நாடெங்கும் பரவியது. இன்றைக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் தரையில் அம்புக்குறி, கோப்புகளில் வர்ணப்பட்டி. நல்லதுதான். அம்புக்குறி முடிகிற இடத்தில் நம் பாஷையில் ஒரு வார்த்தை கேட்க ஆள் இருந்தால் இன்னும் நல்லது.

தொழிற்சங்கங்களைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 2024 பெப்ரவரியில் 72 சுகாதாரத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்தன. ஆஸ்பத்திரிகளில் உதவிக்கு இராணுவத்தை இறக்கினார்கள். டொக்டர்களுக்குக் கூட்டிய கொடுப்பனவு எங்களுக்கும் வேண்டும் என்பது கோரிக்கை. நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கிளினிக் வாசலில் நிற்கிற கூட்டத்தைக் குறைப்பதும் வேலை நிபந்தனைதான், சம்பளம் மாதிரி. அதைக் கேட்டுக் கொடி பிடித்த சங்கம் எதுவும் என் கண்ணில் படவில்லை.

வாசலில் நிற்பவருக்கு அது சும்மா நிற்பதல்ல. தோட்டத்தில் கிளினிக் நாள் என்றால் பேர் விழாத நாள், அன்றைய சம்பளம் இல்லை. 2024 செப்டெம்பரில் 1350 ரூபாவாக்கிய நாட்சம்பளத்தை 1550 ஆக்கி, வேலைக்கு வந்த நாளுக்கு மேலும் 200 தருவதாக 2026ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் சொன்னார்கள். ஒரு மாத்திரை அட்டைக்காக அந்தப் பெண் இவ்வளவையும் விட்டுவிட்டு வருகிறாள். வந்த இடத்தில் கத்தல். போன மாதம் ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு அவளிடம் பதில் இருக்கிறது. சொல்ல நேரமும் இல்லை, கேட்க ஆளும் இல்லை.

செய்யவேண்டியவை பெரிய விசயங்கள் அல்ல. தொலஸ்பாகை பஸ்ஸில் வருகிறவருக்கு ஒரு நேரம், டவுன்காரருக்கு ஒரு நேரம் என்று நம்பரைப் பிரித்துக் கொடுக்கலாம். பிரஷரும் சீனியும் கட்டுப்பாட்டில் இருப்பவர்களின் கொப்பியைப் பக்கத்துப் பிரதேச வைத்தியசாலைக்கு மாற்றலாம். மொழிபெயர்ப்புக்கென்றே சம்பளத்தோடு இரண்டு பேர், அதில் ஒருவர் கட்டாயம் பெண். இப்போதைய பிள்ளைகளுக்குச் சிங்களம் தெரியும்தானே என்று ஒருவர் என்னிடம் கேட்டார். தெரியும். ஆனால் கிளினிக் வாசலில் நிற்பது அந்தப் பிள்ளைகள் இல்லை. அவர்கள் கொழும்பில் கடையில் நிற்கிறார்கள்.

முடியாது என்று மட்டும் சொல்லவேண்டாம். 2020 ஊரடங்கில் இதே சுகாதாரத் துறை கிளினிக் மருந்துகளைத் தபாலில் வீடு வீடாக அனுப்பிவைத்தது. சில வாரங்களில் ஏற்பாடு செய்த விசயம். லயத்துக்குத் தனி முகவரி கிடையாது, கடிதங்கள் தோட்டத்து ஒபீஸ் வழியாக வருகிறவை என்பதால் நம் பக்கத்தில் அது எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தது என்பது தனியாக விசாரிக்கவேண்டிய ஒன்று. அனுப்ப முடியும் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. கொரோனா போனதும் கொப்பியோடு எல்லோரையும் திரும்ப வரிசைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.