பாஸ்குவெட்டாவுக்கு அம்மாவும் வரட்டும்



தவக்காலம் தொடங்கினால் இந்தப் பக்கத்துக்கு வருகிற கேள்வி ஒன்றுதான்: விடுமுறைக்கு எங்கே போகலாம்? வகுப்பில் இத்தாலியப் பிள்ளைகள் நகரம், மலை, கடல் என்று ஒரு கிழமைக்குத் திட்டம் போடுகிறார்கள். நம் வீடுகளில் விடுமுறை என்றால் லண்டன் மாமி வீடு, பாரிஸில் ஒரு கல்யாணம், காசு சேர்ந்த வருடத்தில் யாழ்ப்பாணம். இவை இல்லாத வருடத்தில் விடுமுறையே இல்லை என்று இருந்துவிடுகிறோம். பலெர்மோவில் இருந்துகொண்டு அப்படி இருப்பது கொஞ்சம் அநியாயம். காலையில் மலை ஏறி, மதியம் கடற்கரையில் சாப்பிட்டு, பின்னேரம் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கக்கூடிய ஊர் இது.

சிக்கல் நாட்களில்தான். பள்ளிக்கூடம் பெரிய வியாழனில் இருந்து அடுத்த செவ்வாய் வரை பூட்டு. அம்மா வேலை செய்கிற வீடு பூட்டாது. பெரிய வெள்ளி இத்தாலியில் அரச விடுமுறைகூட இல்லை. ஆகவே ஒரு கிழமை சேர்ந்தாற்போல் கிடைக்கும் என்று காத்திருக்காமல், கிடைக்கிற நாட்களை எண்ணுவோம். உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாளான பாஸ்குவெட்டா, ஏப்பிரல் 25, மே 1. இந்த மூன்றும் வீட்டுவேலை ஒப்பந்தத்தில் சம்பளத்தோடு வருகிற பெருநாட்கள். இவற்றுக்கு வருட லீவில் கைவைக்கத் தேவையில்லை.

வருட லீவு தனி. ஒப்பந்தத்தில் வேலை செய்கிற ஒருவருக்கு வருடத்துக்கு 26 வேலைநாள். அதை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. வேலையை விட்டு நிற்கும்போது மிஞ்சிய நாட்களுக்குத்தான் காசு. வழமையாக ஜூனில் இருந்து செப்டெம்பருக்குள் எடுக்க வேண்டும், இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டால் வேறு மாதத்திலும் எடுக்கலாம். அதனால் வசந்தத்தில் இரண்டு நாள் கூடுதலாக வேண்டும் என்றால் இப்போதே கேட்க வேண்டும். அம்மா கேட்கமாட்டா. "சின்யோரா தனிய இருப்பா" என்பா. அந்த ஒப்பந்தத்தை உங்களைவிட நன்றாக வாசிக்கக்கூடியவர் வீட்டில் யார்? கொமூனே கடிதங்களை வாசித்துக் கொடுப்பதுபோல இதையும் வாசித்துக் கொடுங்கள். ஒப்பந்தமே இல்லாமல் 'நேரோ'வில் வேலை செய்கிறவர்களுக்கு இது பேச்சளவில் முடிகிற காரியம் இல்லை, அது எங்களுக்குத் தெரியும். அவர்களுக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் கணக்கு. அந்த அரை நாளுக்கும் இந்த ஊரில் இடம் உண்டு.

மலையில் இருந்து தொடங்குவோம். பாஸ்குவெட்டா அன்று பலெர்மோ முழுவதும் பவோரித்தா பூங்காவிலும் கடற்கரையிலும் இறைச்சியும் கார்ச்சோஃபியும் சுட்டுக்கொண்டிருக்கும். புகை எழும்புவதற்கு முன்னால், காலை ஏழு மணிக்கு மொந்தே பெல்லெக்ரினோவின் பழைய கல்படி வழியில் நிற்க வேண்டும். புனித ரொசாலியாவின் குகைக்கோயில் ஏறக்குறைய 430 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நிதானமாக நடந்தால் ஒரு மணித்தியாலம், ஒன்றரை. 1624இல் கொள்ளைநோய் நடுவில் இந்த மலையில் அவருடைய எலும்புகள் கிடைத்தன, அடுத்த வருடம் அவற்றை நகரத்துக்குள் சுற்றி எடுத்துவந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்த கதை. 1787 ஏப்பிரலில் ஜெர்மன் கவிஞர் கோத்தே இங்கே வந்து இந்த மலையின் அழகில் மயங்கி எழுதியிருக்கிறார். நம் ஆட்கள், கத்தோலிக்கரும் சைவரும், ஞாயிறுகளில் ஏறுவது அழகைப் பார்க்க இல்லை. நேர்த்திக்கு.

இங்கே தாதியாக ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நம்மில் பலர் வெறுங்காலோடு ஏறுகிறார்கள். நீரிழிவு உள்ளவர் அப்படி ஏறக்கூடாது. பல வருட நீரிழிவில் பாதத்தின் உணர்வு குறையும். கல் வெட்டினால் தெரியாது, நோகாது, மூன்று நாள் கழித்து மேசில் ஈரம் கண்டால்தான் தெரியும். அப்படிப்பட்ட காயம் ஆறாமல் விரலை எடுக்க வேண்டி வந்தவர்களுக்கு எங்கள் கையால் மருந்து கட்டியிருக்கிறோம். வெறுங்காலோடு வருகிறேன் என்று நேர்ந்துவிட்டேனே என்று அம்மா சொன்னால் அவவோடு வாதாட வேண்டாம். தனிப்பட்ட நேர்த்தியை அதற்கு ஈடான, அல்லது அதைவிட நல்ல காரியமாக மாற்றிக்கொள்ளத் திருச்சபைச் சட்டமே இடம் தருகிறது. அதைக் குறைக்கவோ விடுவிக்கவோ பங்குத்தந்தைக்கு அதிகாரம் உண்டு. பாஸ்காவுக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போதே சுவாமியிடம் கேட்கச் சொல்லுங்கள். சுவாமி சொன்னால் சப்பாத்து போடுவா.

வெறும் வயிற்றில் ஏறுவதும் அதே கதைதான். இன்சுலின் போடுகிறவர், கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசை எடுக்கிறவர் சாப்பிட்டுவிட்டே ஏற வேண்டும். பையில் சின்னப் பெட்டி பழச்சாறு இரண்டு இருக்கட்டும். நடுக்கம், வேர்வை, காரணமில்லாத கோபம் வந்தால் இருத்தி, அதைக் குடிக்கக் கொடுங்கள். இல்லையென்றால் மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் 112க்கு அழையுங்கள். முழங்கால் நோவு உள்ளவருக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் கஷ்டம். ஏறி, பூசை கண்டு, மாநகர பஸ்ஸில் இறங்கலாம். பெருநாளில் பஸ் குறைவு என்பதால் முதல்நாளே நேரம் பார்த்துவையுங்கள்.

இன்னும் உயரமான மலை வேண்டும் என்கிற பெரிய பிள்ளைகளுக்கு மதோனியே மலைகள். அதற்குக் கார் வேண்டும், இல்லையென்றால் இளையோர் மன்றம் ஒரு வான் பிடிக்க வேண்டும். பீத்சோ கார்பொனாரா 1979 மீற்றர், சிசிலியில் எத்னாவுக்கு அடுத்தது. உலகத்தில் வேறெங்கும் தானாக முளைக்காத ஒரு தேவதாரு அங்கே நிற்கிறது, வளர்ந்த மரங்கள் முப்பது மட்டில்தான். ஏப்பிரலிலும் குளிரும், புல்லில் நடந்தால் உண்ணி ஏறும், நீளக் காற்சட்டை போடுங்கள். வழியில் காஸ்தெல்புவோனோவில் 'மன்னா' விற்பார்கள். விடுதலைப் பயணத்து மன்னா இல்லை, கோடையில் ஒருவகை மரத்தின் பட்டையைக் கீறி எடுக்கிற இனிப்புப் பால். எங்களுக்கு அதில் ஒரு தொழில் உறவும் உண்டு. மூளையில் வீக்கம் வந்தவருக்கு நரம்பில் ஏற்றுகிற மன்னிற்றோல் என்ற மருந்துக்குப் பெயர் வந்தது அதிலிருந்துதான். நிறையச் சாப்பிட்டால் வயிறு போகும், வானில் திரும்பி வர வேண்டியதையும் யோசித்துச் சாப்பிடுங்கள்.

நகரத்துக்குப் பெருநாள் தேவையில்லை. மாதத்தின் முதல் ஞாயிறில் சிசிலி அரசின் அரும்பொருளகங்களுக்குள் காசில்லாமல் போகலாம். சில இடங்கள் மதியத்தோடு பூட்டும், நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் சீசா அரண்மனையைச் சொல்வோம். பல்லாரோவில் இருந்து நடக்கிற தூரம். அங்கே 1149ஆம் ஆண்டுக் கல்லறைக் கல் ஒன்று இருக்கிறது. கிரிசாந்தோ என்ற குரு தன் தாய் அன்னாவுக்கு வைத்தது. எபிரேய எழுத்தில் அரபு, இலத்தீன், கிரேக்கம், அரபு என்று நான்கு பக்கமும் நான்கு விதமாக ஒரே செய்தியை வெட்டுவித்திருக்கிறார். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, கோயிலில் இரண்டு மொழி என்று வளர்கிற உங்களுக்கு அந்தக் கல்லை விளக்க வேண்டியதில்லை. அம்மாவுக்கு விளக்குங்கள். இருபது வருடமாக இந்த ஊர் வீடுகளைத் துடைக்கிறா, இந்த ஊருக்குள் யாரும் கூட்டிப்போகவில்லை.

கடலுக்கு ஏப்பிரல் 25 அல்லது மே 1. மொந்தெல்லோ பக்கத்தில் இருக்கிறது, அரை நாளுக்கு அது போதும். முழு நாள் கிடைத்தால் செஃபாலூவுக்கு ரயில் ஏறுங்கள், ஒரு மணித்தியாலம் மட்டில். மணலில் இருந்து பார்த்தால் பேராலயம், அதற்குப் பின்னால் 270 மீற்றர்ப் பாறை. ஏறக்கூடியவர் பாறைக்குப் போகட்டும், மழையோ பலத்த காற்றோ என்றால் பாதையை மூடிவிடுவார்கள். ஏறமுடியாதவர் மணலில் காலை நனைத்துக்கொண்டு இருக்கலாம். கடல் அப்போது 16, 17 பாகைதான். சின்னப் பிள்ளைகளின் உதடு நீலமாகுமுன் வெளியே எடுத்துத் துடைத்துவிடுங்கள். இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு போனால் கடைச்செலவும் இல்லை. ரொட்டி என்றால் இன்னும் வசதி.

திரும்புமுன் எல்லோருமாகப் பேராலயத்துக்குள் போங்கள். இரண்டாம் ரொஜேர் மன்னர் 1131இல் தொடங்கியது. பீடத்துக்கு மேலே 1148இல் முடித்த பெரிய கிறிஸ்து, கையில் திறந்த நற்செய்தி, ஒரு பக்கம் கிரேக்கம், மற்றப் பக்கம் இலத்தீன். யோவான் 8:12. விவிலியத்தைக் கொண்டுபோய் அம்மாவுக்குத் தமிழில் வாசியுங்கள். படம் பிறகு எடுக்கலாம், கட்டாயம் எடுங்கள், அம்மாவை நடுவில் விட்டு. ஊரில் அம்மம்மா கேட்பா. கடைசி ரயிலுக்கு முந்தின ரயிலைப் பிடியுங்கள். அடுத்த நாள் அம்மாவுக்குக் காலை ஏழு மணிக்கு வேலை.