தன் கதைக்கும் அத்தாட்சியா?

ஒருவர் தம் வாழ்க்கைக் கதையைத் தாமே எழுதுகிறார். படித்தவர்கள் புகழலாம்; குறையும் சொல்லலாம். ஆனால், "இதை எழுதியது நீதானா? யாராவது எழுதிக் கொடுத்தார்களா?" என்று கேட்பது உண்டா? அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் பேனாவைத் தொட்டபோது அவர்களிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அதுதான்.

1773-ம் ஆண்டில் பிலிஸ் வீட்லி என்ற அடிமைப் பெண்ணின் கவிதைகள் லண்டனில் நூலாக அச்சாயின. கவர்னர் முதலாக பாஸ்டன் நகரப் பிரமுகர்கள் 18 பேர், இவற்றை எழுதியவள் இப்பெண்தான் என்று அத்தாட்சி கொடுத்தார்கள். அதுவும் நூலில் சேர்க்கப்பட்டது. கவிதைக்கே 18 சாட்சிகள்! அப்படியானால், தான் பட்ட பாட்டை எழுதத் துணிந்தவளின் கதி என்ன?

ஹாரியட் ஜேக்கப்ஸ் அம்மையாரின் வரலாறு இதற்கு விடை சொல்கிறது.

உயிலில் எழுதிய உயிர்

வட கரோலினா ராஜ்யத்தில் ஈடன்டன் என்ற ஊரில் 1813-ல் ஹாரியட் பிறந்தார். தாய் அடிமை, ஆகவே மகளும் அடிமை. தகப்பன் யாராக இருந்தாலும் குழந்தைக்குத் தாயின் நிலைதான் என்று 1662-ல் வர்ஜீனியாவில் சட்டம் செய்தார்கள். பிற இடங்களிலும் அதுவே நடைமுறை ஆயிற்று. எஜமானனே அடிமைப் பெண்ணைக் கெடுத்தாலும், பிறக்கும் பிள்ளை அவனுடைய சொத்தில் ஒன்றாகக் கூடும். அக்கிரமம் செய்தவனுக்கு லாபமும் தேடித் தந்த சட்டம் அது!

ஹாரியட்டுக்கு அவருடைய எஜமானி எழுத்தும் தையலும் சொல்லிக் கொடுத்தாள். 1825-ல் அவள் இறந்தாள். பன்னிரண்டு வயது கூட நிரம்பாத ஹாரியட்டை, தன் சகோதரியின் 3 வயது மகளுக்கு அவள் உயிலில் எழுதி வைத்திருந்தாள். மேஜை நாற்காலியைப் போல ஒரு சிறுமியும் கைமாறினாள்.

அந்தக் குழந்தையின் தகப்பன் ஒரு டாக்டர். ஹாரியட் வளர வளர, தன் இச்சைக்கு இணங்கும்படி அவன் நச்சரித்தான்; மிரட்டினான். அவன் பிடியிலிருந்து தப்ப வேறு வழி தெரியாமல், ஹாரியட் மற்றொரு வெள்ளையரின் உறவை ஏற்றார். இரண்டு குழந்தைகளுக்குத் தாயானார். பிற்காலத்தில் இதை அவர் மூடி மறைக்கவில்லை. பாதுகாப்போடு வாழும் பெண்களை அளக்கும் கோலால் அடிமைப் பெண்ணை அளக்கலாமா என்று தம் நூலில் வாதாடினார்.

ஒன்பதடிச் சிறை

1835-ல் ஹாரியட் தலைமறைவானார். பிடித்துத் தருவோருக்கு 100 டாலர் பரிசு என்று டாக்டர் பத்திரிகையில் விளம்பரம் செய்தான். ஹாரியட்டோ வெகுதூரம் போகவில்லை. அதே ஊரில், சுதந்திரம் பெற்றிருந்த தம் பாட்டியின் வீட்டிலேயே ஒளிந்திருந்தார். கொட்டகைக் கூரைக்குக் கீழே ஒரு பொந்து. நீளம் 9 அடி. அகலம் 7 அடி. உயரமான இடத்தில் கூட 3 அடிதான். நிமிர்ந்து நிற்க முடியாது. மழையும் வெயிலும் உள்ளே இறங்கும். எலிகள் மேலே ஓடும். சிறு துளைகள் போட்டு, வெளியே விளையாடும் தம் குழந்தைகளைப் பார்த்துக் கொண்டிருந்தார். கூப்பிட முடியாது, கட்டி அணைக்க முடியாது. இப்படி ஏறக்குறைய 7 ஆண்டுகள்!

அந்தப் பொந்திலும் பேனா அவருக்குக் கை கொடுத்தது. டாக்டருக்குக் கடிதங்கள் எழுதி, அவை நியூயார்க்கிலிருந்து தபாலில் வரும்படி ஏற்பாடு செய்தார். அவனும் அதை நம்பினான். அடிமைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுப்பதை 1830-ல் அந்த ராஜ்யம் ஏன் தடை செய்தது என்பது இதிலிருந்தே விளங்கும். எழுதத் தெரிந்த அடிமையை எஜமானர்கள் அஞ்சினார்கள்.

யார் கதை, யார் சொல்வது?

1842-ல் ஹாரியட் கப்பலேறி வடக்கே தப்பினார். நியூயார்க்கில் ஒரு எழுத்தாளர் வீட்டில் குழந்தை வளர்க்கும் வேலையில் அமர்ந்தார். 1852-ல் அவ்வீட்டு எஜமானி 300 டாலர் கொடுத்து அவரை விடுதலை செய்வித்தார். நன்றி ஒரு புறம் இருந்தாலும், தமக்கு உரிய சுதந்திரம் விலைக்கு வாங்கப்பட்டதே என்று ஹாரியட் மனம் புழுங்கினார்.

'டாம் மாமாவின் குடிசை' எழுதிப் புகழ் பெற்ற ஸ்டோ அம்மையாருக்கு ஹாரியட்டின் கதை தெரிய வந்தது. அதைத் தம்முடைய வேறொரு நூலில் சேர்த்துக் கொள்ளலாம் என்றார் அவர். அதோடு, கதை மெய்தானா என்று ஹாரியட்டின் எஜமானிக்கே எழுதிக் கேட்டார். நல்லெண்ணம் படைத்தவரே செய்த காரியம் இது! அதன் பின்பு, தம் கதையைத் தாமே எழுதுவது என்று ஹாரியட் உறுதி பூண்டார். பகலில் பிறர் பிள்ளைகளைப் பார்த்தார், இரவில் எழுதினார். 1861-ல் பாஸ்டனில் நூல் வந்தது. தாமே எழுதியது என்று முகப்பிலேயே அச்சிட்டார். கூடவே வெள்ளைக்கார அம்மையார் ஒருவரின் முன்னுரையும் வேண்டியிருந்தது.

தம் பெயரையோ ஊரையோ ஹாரியட் வெளியிடவில்லை. லிண்டா பிரெண்ட் என்ற புனைபெயரில் எழுதினார். அடிமையாக இருந்த ஆண்களின் நூல்களுக்கும் வெள்ளையரின் அத்தாட்சி தேவைப்பட்டது உண்மையே. ஆனால், 1845-ல் தம் வரலாற்றை வெளியிட்ட பிரெடரிக் டக்ளஸ் தம் சொந்தப் பெயரைப் போட முடிந்தது. சவுக்கடியை ஓர் ஆண் தலை நிமிர்ந்து சொல்லலாம். மானத்தின் மேல் விழுந்த அடியைப் பெண் சொன்னால் பழி அவளுக்கு அல்லவா வருகிறது? அதனால் அவர் பெயரை மறைத்தார். பெயரை மறைத்ததே பிறகு அவருக்கு எதிராகத் திரும்பியது. வெள்ளை அம்மையார் கட்டிய கதை, நாவலைப் போல இருக்கிறது என்று பலர் ஒதுக்கினார்கள். அடிமைச் சமூகத்தைப் பற்றி 1972-ல் எழுதிய ஒரு பெயர் பெற்ற சரித்திர ஆசிரியரும் அதை நம்பத் தகாதது என்றார்.

ஜீன் பேகன் எல்லின் என்ற பேராசிரியை, ஹாரியட் தம் தோழிக்குக் கைப்பட எழுதிய கடிதங்களை ஆராய்ந்து, நூல் அவருடையதே என்று 1981-ல் நிறுவினார். 1987-ல் ஹார்வர்டு பிரசுரமாக, சான்றுகளோடு மறுபதிப்பு வந்தது. ஹாரியட் இறந்ததோ 1897-ல். மெய் சொன்னவர் என்ற பெயரைப் பெற, அவர் இறந்த பிறகும் எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று!

ஒரே தராசு வேண்டும்

சந்தேகிப்பது ஆராய்ச்சியின் கடமைதானே என்று சிலர் கேட்கலாம். கடமைதான். அப்படியானால் எஜமானனின் கணக்குப் புத்தகத்தையும் சந்தேகிக்க வேண்டும்; அடிமையின் நூலையும் சந்தேகிக்க வேண்டும். ஒன்றை ஆவணம் என்று கண்ணை மூடிக்கொண்டு ஏற்று, மற்றொன்றைக் கட்டுக்கதை என்று தள்ளுவது ஆராய்ச்சி ஆகாது. கடிதங்கள் அத்தனை காலமும் இருந்தன. தேடிப் பார்க்கத்தான் ஆளில்லை.

இந்த வழக்கம் அடிமைத்தனத்தோடு ஒழியவும் இல்லை. ஸோரா நீல் ஹர்ஸ்டன் 1942-ல் வெளியிட்ட சுயசரிதையில், வெள்ளை வல்லரசுகளைக் கடிந்து எழுதிய பகுதிகளைப் பதிப்பாளர் நீக்கினார். விடுபட்டவை 1995-ல்தான் மீண்டும் சேர்ந்தன. சிறு வயதில் தமக்கு நேர்ந்த கொடுமையை மாயா ஆஞ்சலோ 1969-ல் துணிந்து எழுதினார். அந்நூலைப் பள்ளி நூலகங்களிலிருந்து அகற்ற வேண்டும் என்று திரும்பத் திரும்பக் குரல் எழுந்தது. முன்பு நம்ப மறுத்தார்கள், பின்பு வெட்டினார்கள், அதன் பின்பு ஒளித்து வைக்கப் பார்த்தார்கள்.

ஒடுக்கப்பட்ட பெண் தன் கதையைச் சொல்ல வரும்போது, கேட்பவர்கள் அவளுக்காக அழ வேண்டும் என்பதில்லை. அவளுக்குப் பதிலாகப் பேசவும் வேண்டாம். பிறருக்குத் தரும் நம்பிக்கையை அவளுக்கும் தந்து, அவள் சொல்லி முடிக்கும் வரை கேட்டாலே போதும். ஒன்பதடிப் பொந்தில் ஏழு ஆண்டு காத்திருந்தவருக்கு உலகம் பட்ட கடன் அது.