பேக்கப் இருக்கு என்றால் போதுமா?

"பேக்கப் இருக்கு" என்று ஒரு அலுவலகம் சொன்னால் நாங்கள் நிம்மதியாகிவிடுகிறோம். என்னைக் கேட்டால் அது அரை வசனம்தான். "போன மாதம் அதிலிருந்து திருப்பி எடுத்துப் பார்த்தோம், வந்தது" என்பதுதான் மிச்சப் பாதி.

2023 ஓகஸ்ட்டில் அரச மின்னஞ்சல் சேவையை ரான்சம்வேர் தாக்கியது ஞாபகம் இருக்கும். அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகள். மே 17 இலிருந்து ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் இல்லாமற்போயின. பேக்கப் இருந்தது. ஆனால் அது இணைப்பிலேயே இருந்ததால் அதுவும் சேர்ந்தே பூட்டுப்பட்டது. அந்த மூன்று மாதத்துக்கு, கழற்றி வேறாக வைத்த பிரதி இருக்கவில்லை.

கழற்றி வைக்கிற பழக்கம் எங்கே போனது? முந்தி பேக்கப் என்றால் காந்த நாடா. எழுதி முடிய கசெற்றைக் கழற்றி அலுமாரியில் வைப்பார்கள். பிறகு மெய்நிகர் நாடா வந்தது. மென்பொருள் நாடாவில் எழுதுவதாகவே நினைக்கும். உண்மையில் எழுதுவது ஹார்ட் டிஸ்க்கில். வேகம், வசதி எல்லாம் சரி. பிழைத்தால்தான் கண்ணுக்குத் தெரியாது. காலாவதியான மெய்நிகர் நாடா, அதன்மேல் திரும்ப எழுதும்வரை இடத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கலாம். பட்டியலில் வெற்று நாடாக்கள் தெரியும், கீழே டிஸ்க் நிரம்பியிருக்கும். அலுமாரியில் கசெற் இல்லை என்றால் பியோனுக்கும் விளங்கும். இது தேடிப் பார்க்கிறவருக்கு மட்டுந்தான் விளங்கும்.

காசும் ஆட்களும் இருந்தால் இப்படி நடக்காது என்பதும் சரியில்லை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில் பொறியியலாளர் ஒருவர் தவறான சேர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால், மென்பொருள் பதிப்புகள் பொருந்தாததால் அது எடுபடவே இல்லை. அதை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டிருந்தன. காப்பாற்றியது, வேறொரு தேவைக்காக ஆறு மணித்தியாலம் முன்னர் தற்செயலாக எடுத்த பிரதி. மாறாக 2011 இல் மென்பொருள் வழுவால் சில ஜிமெயில் கணக்குகள் வெறுமையானபோது, கூகிள் அவற்றை மீட்டது இணைப்பில் இல்லாத நாடாக்களிலிருந்து.

மின்னஞ்சல்தானே, போகட்டும் என்று விட ஏலாது. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு பாராளுமன்றத்துக்கு வந்த மாதங்கள் அவை. யார் யாருக்கு என்ன எழுதினார்கள் என்று நாளைக்குத் தேடப்போகிறவர்கள் எங்களைப் போன்ற கலைப்பீடத்து ஆட்கள்தான்.

2016 தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, அரச அலுவலகங்கள் புதிய பதிவேடுகளைக் குறைந்தது 12 வருடம் வைத்திருக்க வேணும். "சிஸ்டம் போயிட்டுது" அதற்குப் பதிலாகாது. அதே சட்டத்தை வைத்து நாங்களும் கேட்கலாம்: கடைசியாக எப்ப திருப்பி எடுத்துப் பார்த்தீங்கள்? வயரில் இல்லாத பிரதி எங்க இருக்கு? திகதியோட பதில் வராட்டி, பேக்கப் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுவம்.