குழந்தை யார் மடியில்?

புது வருஷத்துக்கு டைரி கிடைக்கிறதோ இல்லையோ, சபதம் கிடைத்துவிடும். அதிலும் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அப்பாவுக்கு வேகம் ஜாஸ்தி. 'இனிமே பொறுப்பு வந்தாச்சு சார்!' என்பார். காலை ஐந்தரைக்கு வாக்கிங். ஆறு கிலோ எடைக் குறைப்பு. பதவி உயர்வுக்குப் பரீட்சை. பிள்ளை பெயரில் மாதா மாதம் சேமிப்பு.

நல்ல பட்டியல்தான். எனக்கு ஒரே ஒரு கேள்வி. ஐந்தரை மணிக்கு நீங்கள் ஷூ மாட்டும்போது குழந்தை யார் மடியில் இருக்கும்?

நான் படித்தது பி.காம். ஒரு பக்கம் வரவு வைத்தால் இன்னொரு பக்கம் பற்று எழுதியே ஆகவேண்டும் என்று முதல் வருஷமே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். உங்கள் வாக்கிங் வரவு என்றால் பற்று யார் கணக்கில்? மனைவியின் தூக்கத்தில்!

பிறந்த புதிதில் குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். ராத்திரி என்று அதற்குத் தனிச் சலுகை கிடையாது. தாய்ப்பாலை அம்மாதான் கொடுக்க முடியும், சரி. தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் விடவைப்பது, ஈரத்துணி மாற்றுவது, மறுபடி தூங்கப் பண்ணுவது... இதற்கெல்லாம் உங்களுக்கு என்ன குறைச்சல்?

மத்திய அரசு 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கைப் பாருங்கள். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிற பெண் அதற்குச் செலவிடுவது நாளுக்குச் சராசரியாக 289 நிமிடம். ஆண் 88 நிமிடம். பிள்ளை பார்ப்பது இதில் சேராது. அது தனிக்கணக்கு!

இந்தப் பழக்கத்தை ஆரம்பித்து வைப்பதே நாம்தான். தலைப்பிரசவம் அம்மா வீட்டில். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ மனைவி வந்து இறங்கும்வரை மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி. குழந்தை சிணுங்கினால், 'இந்தா, பசிக்குது போல' என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

'கம்பெனியில லீவு தரமாட்டான் சார்' என்கிறீர்களா? நியாயம். 2017-ல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தி, முதல் இரண்டு குழந்தைகளுக்கு அம்மாவின் விடுப்பை 26 வாரமாக்கினார்கள். அப்பாவுக்கு அதில் ஒரு நாள்கூட இல்லை. மத்திய அரசு ஊழியருக்காவது விதிப்படி 15 நாள் உண்டு. லீவுக்காகச் சண்டை போடுங்கள், நானும் வருகிறேன். ஆனால், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்திருக்க எந்த மேனேஜர் கையெழுத்து வேண்டும்?

'சம்பாதிக்கிறவன் தூங்க வேண்டாமா?' அடுத்த கேள்வி. விடுப்பு முடிந்த மறுநாள் எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்கிற பெண்ணும் சம்பாதிக்கத்தான் போகிறார். அவர் தூங்கினாரா என்று யாராவது கேட்டோமா?

அவருக்கும் சபதங்கள் இருந்தன. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 புத்தகம் இப்போது பரணில் இருக்கிறது. 'குழந்தை கொஞ்சம் வளரட்டும்' என்று ஏற்றி வைத்தது. குழந்தை வளரும். தேர்வு காத்திருக்காது.

அதனால் டைரியில் ஒவ்வொரு சபதத்துக்குப் பக்கத்திலும், அந்த நேரத்தில் குழந்தை யாரிடம் என்று எழுதுங்கள். எல்லாவற்றிலும் ஒரே பெயர் வந்தால் பட்டியலை அடித்துவிடுங்கள். பரணில் இருப்பதைக் கீழே இறக்குங்கள். தினம் ஒன்றரை மணி நேரம் அவர் படிக்கட்டும். எதிரே உங்கள் பெயரை எழுதுங்கள்.

எடைக் குறைப்பை அடுத்த ஜனவரியில் பார்த்துக்கொள்ளலாம். தொப்பை எங்கேயும் போய்விடாது!