தங்கவயலுக்குத் தேசம் பட்ட கடன்

கோலார் தங்கவயலில் மலைபோல் குவிந்து கிடக்கும் சுரங்கக் கழிவிலிருந்து மீண்டும் பொன் எடுக்கலாம் என்ற மத்திய சர்க்காரின் யோசனைக்குக் கர்நாடக மந்திரிசபை 2024-ஆம் வருஷத்தில் சம்மதம் அளித்தது. குன்றுகள் 13, நிலம் ஏறக்குறைய ஆயிரம் ஏக்கர். பொன் விலை ஏறியுள்ள இக்காலத்தில் இத்தகைய யோசனை எழுந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் அக்குன்றுகளின் அடிவாரத்தில் வாழும் ஜனங்களுக்கு இதில் என்ன இடம் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

அயல் ராஜ்யத்து ஊர் ஒன்றின் விவகாரம் நமக்கெதற்கு என்று சிட்லபாக்கத்து வாசகர் ஒருவர் வினவக்கூடும். அவருக்கு விடை அவர் வீட்டுக்கு அருகிலேயே இருக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் 2005-ல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் ஆஸ்பத்திரி, அயோத்திதாஸ பண்டிதரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தப் பண்டிதரின் எழுத்துக்களைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களில் தங்கவயல் தொழிலாளிகளுக்கு முதன்மையான இடம் உண்டு.

தங்கவயலின் சரித்திரம் சுருக்கமாகச் சொல்லக் கூடியதே. 1802-ல் வாரன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி, அங்குள்ள ஜனங்கள் மண்ணைக் கழுவிப் பொன் எடுப்பதைக் கண்டு அறிக்கை எழுதினார். 1873-ல் லாவெல் என்ற முன்னாள் சிப்பாய் மைசூர் சமஸ்தானத்தில் சுரங்க உரிமை கோரினார். 1880-ல் லண்டன் ஜான் டெய்லர் கம்பெனி நிர்வாகத்தை ஏற்றது. அதன்பின் ஆங்கில முதலாளிகளுக்குக் குறைவேது? சிவசமுத்திரத்தில் காவேரி நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுத்து, 90 மைலுக்கு மேல் கம்பி இழுத்து, 1902-ல் சுரங்கங்களுக்குக் கொடுத்தனர். பெங்களூர் நகரத்துக்கு மின்விளக்கு வந்ததோ 1905-ல்தான்! இயந்திரத்துக்கு முதலில் ஒளி வந்தது. இயந்திரத்தோடு மாரடித்த மனிதனோ மூங்கில் தட்டியாலான லைன் குடிசைகளில் கிடந்தான்.

அந்த மனிதன் யார்? வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம், சித்தூர் ஜில்லாக்களிலிருந்து பஞ்சத்துக்கும் ஜாதிக் கொடுமைக்கும் தப்பிச் சென்றவன்; பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த தமிழன். சாம்பியன் சுரங்கம் நாளடைவில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி, உலகத்தின் ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. அந்த ஆழத்தில் பாறையே அனலாய்க் கொதிக்கும். மேலிருந்து அழுத்தும் பாரத்தால் பாறை திடீரென வெடித்துச் சிதறுவதும் உண்டு. இவற்றுக்குத் தப்பியவர்களிலும் பலரை, கல்தூசு நுரையீரலில் படிந்து உண்டாகும் நோய் தின்றது.

இவ்வளவு இன்னல்களுக்கிடையே அவர்கள் கல்வியை நாடினார்கள் என்பதுதான் நாம் மறக்கலாகாத செய்தி. 1907-ல் சென்னை இராயப்பேட்டையில் அயோத்திதாஸர் தொடங்கிய பத்திரிகைக்குத் தங்கவயலில் ஆர்வமுள்ள வாசகர்கள் இருந்தனர். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கக் கிளை ஏற்பட்டது. 1914-ல் பண்டிதர் காலமான பின்னர், சித்தார்த்த புத்தகசாலை என்ற தங்கவயல் வெளியீட்டகம் அவருடைய நூல்களை அச்சிட்டு வழங்கியது. நின்றுபோன ‘தமிழன்’ பத்திரிகையை ஜி. அப்பாதுரையார் 1926-ல் அங்கிருந்தே மீண்டும் நடத்தினார். பள்ளிக்கூட வாசலையே மறுத்த சமூகத்துக்கு, பாதாளத்தில் வேலை செய்தவர்கள் புத்தகம் அச்சிட்டுக் கொடுத்தார்கள்! சுரங்கம் தந்த பொன்னைக் காட்டிலும் இது குறைந்த செல்வமென்று நாம் கருதவில்லை.

சுயராஜ்யம் வந்த பிறகு, 1956-ல் சுரங்கங்கள் மைசூர் சர்க்காருக்கும் 1962-ல் மத்திய சர்க்காருக்கும் உடைமையாயின. 1965-ல் நமது விஞ்ஞானிகள் அன்னிய நாட்டாருடன் சேர்ந்து, அந்த ஆழத்தில் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் சுவடுகளைக் கண்டு உலகப் புகழ் பெற்றனர். ஆனால் தாதுவின் வளம் குன்றிக்கொண்டே வந்தது. ஆரம்பத்தில் ஒரு டன் கல்லில் 40 கிராமுக்கு மேல் கிடைத்த பொன், கடைசியில் ஐந்து கிராமுக்கும் கீழே போயிற்று. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கங்கள் மூடப்பட்டன. சுமார் 120 வருஷங்களில் அவை தந்த பொன் ஏறக்குறைய 800 டன் என்பர்.

நஷ்டத்தில் நடக்கும் தொழிலை எத்தனை காலம் நடத்துவது என்ற வாதத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. பொன் வற்றினால் சுரங்கம் மூட வேண்டியதுதான். ஆயினும் சுரங்கத்தை மூடுவது வேறு. ஊரைக் கைவிடுவது வேறு. இன்று தங்கவயல் வாலிபர்கள் விடியுமுன்னே ரயிலேறிப் பெங்களூருக்குக் கூலிக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். காற்றடிக்கும் காலத்தில் சயனைடு மலைகளின் தூசு வீடுகளுக்குள் புகுகிறது. வெட்டியெடுத்த லாபம் வெளியே போய்விட்டது. கழிவு மாத்திரம் ஊருக்கு மிச்சமாயிற்று. பல்லாவரம், பம்மல் பக்கத்துக் கல்குவாரிப் பள்ளங்களைக் கண்டிருப்பவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. மலை போனவிடம் எல்லோருக்கும் தெரியும். பள்ளத்துக்குப் பொறுப்பாளி யாரென்பதுதான் தெரியாது.

இப்பொழுது அந்தக் கழிவுக்கும் விலை வந்திருக்கிறது. 2015-ல் திருத்தப்பட்ட சுரங்கச் சட்டம், தோண்டுவோரிடமிருந்து ஒரு பங்கு பெற்று, பாதிக்கப்பட்ட ஜனங்களுக்குச் செலவிட ஜில்லா கனிம நிதியை ஏற்படுத்தியிருக்கிறது. ஆனால் தங்கவயலில் வேலை நின்றது அதற்குப் பதினான்கு வருஷம் முன்பு. ஆதலின் இச்சட்டத்தின் நன்மை, தங்கத்தை அள்ளிய காலத்தில் அவ்வூருக்குக் கிட்டவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க இது தக்க சந்தர்ப்பம். கழிவுக் குன்றுகளிலிருந்து வரும் நிதியில் முதற்பங்கு தங்கவயல் நகரத்துக்கே என்று ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். வேலையில் முன்னுரிமை பழைய தொழிலாளிகளின் குடும்பங்களுக்கு அளிக்கப்பட வேண்டும். குன்றுகளைக் கலைக்கும்போது கிளம்பும் தூசியைத் தடுக்கும் ஏற்பாடு, பொன் எடுக்கும் ஏற்பாட்டுக்கு முன்னதாகவே நடைபெற வேண்டும். தலைமுறைகளாக வாழும் லைன் வீடுகள் அங்கு வசிப்போருக்கே உரிமையாக்கப்பட வேண்டும்.

தமிழ்நாட்டு சர்க்காருக்கும் ஒரு கடமை உண்டு. பண்டிதரின் பெயரை ஆஸ்பத்திரிக்குச் சூட்டியது உத்தமமான காரியம். அவர் எழுத்தைக் காத்தவர்களின் இல்லங்களில் இன்னும் எஞ்சியிருக்கக்கூடிய பத்திரிகைகளையும் துண்டுப் பிரசுரங்களையும் கர்நாடக சர்க்காருடன் கலந்து சேகரித்து, தங்கவயலிலேயே ஒரு நூல்நிலையம் அமைப்பது அதனினும் உத்தமமான காரியம். கரையானுக்குப் பாஷையும் தெரியாது, மாகாண எல்லையும் தெரியாது.

800 டன் பொன்னுக்குக் கணக்கு வைத்திருக்கும் தேசம், அதை எடுத்தவர்களின் கணக்கையும் தீர்க்கக் கடமைப்பட்டிருக்கிறது. முதற் கடனை அடைக்காமல் இரண்டாம் முறையும் அவ்வூர் மண்ணில் கைவைப்பது நியாயமாகாது. மத்திய சர்க்காரும் கர்நாடக சர்க்காரும் இதை உணர்ந்து நடக்குமென்று நம்புகிறோம்.