அப்பாவின் கைபேசி, மகனின் பந்தயம்

பதின்பருவத்தினரின் சூதாட்டப் பழக்கத்துக்குப் பெற்றோரின் பழக்கமும் நண்பர் வட்டமும் முக்கியக் காரணிகள் என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. காஞ்சிபுரத்து நெசவாளர் வீடுகளில் பெற்றோரின் பழக்கம் பிள்ளைகளின் கண்முன்னேயே நடக்கிறது. அங்கே வீடே தொழிற்கூடம். பிள்ளைகள் குழித்தறிக்குப் பக்கத்திலேயே வளர்கிறார்கள். சேலையை நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. இடைப்பட்ட பணமுடையில் அப்பா மூன்று நம்பர் லாட்டரிக்குப் பணம் கட்டினால், பையனுக்கு அது குற்றமாகவே படாது. வருமானத்துக்கு இன்னொரு வழியாகத்தான் தெரியும். லாட்டரியைத் தமிழகம் 2003-லேயே தடைசெய்தது. கள்ள விற்பனைதான் ஓயவில்லை.

தோழர்களின் வழி வேறு. ஐபிஎல் பந்தயத்தில் ஜெயித்தவன் எல்லோருக்கும் பரோட்டா வாங்கித் தருகிறான். தோற்றவன் வாய் திறப்பதில்லை. வெற்றிக் கதைகள் மட்டுமே உலவும் கூட்டத்தில் நஷ்டக் கணக்கு யாருக்கும் தெரிவதில்லை.

பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு 2025 பிப்ரவரியில் தமிழக அரசு விதிகள் வகுத்தது: 18 வயது நிரம்பாதோருக்கு அனுமதியில்லை, ஆதார் சரிபார்ப்பு கட்டாயம், நள்ளிரவு 12 முதல் காலை 5 மணிவரை ஆடக்கூடாது. ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இவற்றை ஏற்றது. ஆகஸ்டில் மத்தியச் சட்டம் இவ்வகை விளையாட்டுகளையே தடைசெய்தது. எனினும் ஒரே கைபேசி உள்ள வீட்டில் அப்பாவுக்கு வரும் ஓடிபியை மகன்தான் முதலில் பார்க்கிறான். தடையை மீறி இயங்கும் செயலிக்கு அவ்வளவு போதும். பள்ளி மேலாண்மைக் குழுக்களும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் முதலில் தகப்பன்மாரை அழைத்துப் பேச வேண்டும். மாணவர்களுக்கான விழிப்புணர்வு உறுதிமொழி பிறகு இருக்கட்டும்.