பாடாத பெட்டி

உயர்தர வகுப்பிற் பௌதிகம் பயிலும் மாணவனொருவன் சென்ற விடுமுறையில் என் வீட்டுக்கு வந்திருந்தான். பழுதடைந்த கருவியொன்றிலிருந்து கழற்றிய இரண்டு ஒலிபெருக்கிகள் அவன் கையில் இருந்தன. “சேர், இதுக்குப் பெட்டி அடிக்கப்போறன். எந்த மரம் நல்ல சத்தம் குடுக்கும்?” என்று கேட்டான்.

“சத்தமே குடுக்காத மரத்தைத் தேடு, தம்பி” என்றேன்.

நான் பகிடி விடுவதாக எண்ணி அவன் சிரித்தான். உண்மையில் அந்த விடையை அறிந்துகொள்வதற்கு எனக்கு நல்ல தேக்கம்பலகையும், ஓராண்டுக் காலமும், வயது முதிர்ந்த என் தாயாரின் மனவருத்தமும் செலவாயின. அக்கதையைச் சொன்னால் இவ்வேலையில் இறங்க விரும்பும் இளைஞர்களுக்கு அச்செலவு மிஞ்சும் என்று கருதியே இவ்வாரம் இதனை எழுதுகின்றேன்.

முதலில் ஒரு பானையின் கதை. 1990ஆம் ஆண்டின் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரமின்றி இருந்த காலத்தில் நான் சிறுவன். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோ தரும் மின்னில் வானொலி கேட்போம். பெட்டியுடைந்த வானொலியின் ஒலிபெருக்கியை வெறுமனே மேசையில் வைத்தால் ஒலி மெலிந்து கீச்சிடும். அதனையே ஒரு மண்பானையின் வாயில் முகம் மேல்நோக்க வைத்தால் குரல் திடீரெனத் திரட்சி பெறும். அன்று அஃது எங்களுக்கு ஒரு மாயம். பின்னர் படித்தபோதுதான் மாயத்தின் காரணம் விளங்கியது.

ஒலிபெருக்கியின் கடதாசிக் கூம்பு முன்னே நகரும்போது முன்புறக் காற்று அமுக்கப்படுகின்றது. அதே கணத்திற் பின்புறக் காற்று ஐதாகின்றது. ஆகவே முன்னும் பின்னும் எழும் அலைகள் ஒன்றுக்கொன்று எதிரானவை. உயர்ந்த சுரங்களின் அலைநீளம் குறுகியது. 3000 ஹேர்ட்ஸ் மீடிறனுடைய ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 11 சென்ரிமீற்றர். அது பெரும்பாலும் முன்னோக்கியே செல்லும். 50 ஹேர்ட்ஸ் மீடிறனுடைய தாழ்ந்த ஒலிக்கோ அலைநீளம் ஏறத்தாழ 7 மீற்றர். அத்துணை நீண்ட அலைக்கு ஒரு சிறு கூம்பின் விளிம்பு தடையாகுமா? பின்னலை முன்னே சுற்றிவந்து முன்னலையை அழித்துவிடும். கீழ்ச்சுரங்கள் மறைந்து கீச்சொலி மாத்திரம் எஞ்சுவது இதனாலேயாம். பானை செய்தது வேறொன்றுமன்று. பின்னலையைத் தன் வயிற்றுக்குள் அடைத்து வைத்துக்கொண்டது. அகன்ற பலகையொன்றில் வட்டமாகத் துளையிட்டு, அதன்பின் ஒலிபெருக்கியைப் பிடித்துப் பார்த்தாலும் இவ்வேறுபாட்டை மாணாக்கர் தம் செவியாலேயே அறியலாம்.

இன்று நாம் பயன்படுத்தும் இயங்குசுருள் ஒலிபெருக்கியின் அமைப்பை அமெரிக்காவைச் சேர்ந்த ரைஸ், கெலொக் என்னும் இருவர் 1925இல் ஓர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். பின்னலையை அடைக்கும் தேவையும் அன்றே அறியப்பட்டிருந்தது. எனினும் பெட்டிக்குள் அடைபட்ட காற்று சும்மா இருப்பதில்லை. அது ஒரு வில்லைப் போலக் கூம்பை எதிர்த்துத் தள்ளும். பெட்டி சிறிதானால் வில் கடினமாகும். இக்காற்று வில்லைப் பகையாகக் கருதாது துணையாகக் கொண்டு, மூடிய சிறு பெட்டியிலிருந்து ஆழ்ந்த கீழ்ச்சுரத்தை எழுப்பிக் காட்டியவர் எட்கார் வில்சூர். அவர் அதனைச் செய்தது 1954இல். பின்னர் அவுஸ்திரேலியரான நெவில் தீல் 1961இலும், றிச்சட் ஸ்மோல் 1970களின் தொடக்கத்திலும் வெளியிட்ட கட்டுரைகளால், பெட்டியின் அளவைக் கணக்கிட்டே தீர்மானிக்கும் முறை நிலைபெற்றது. தரமான ஒலிபெருக்கியுடன் வரும் தாளில் இன்று அச்சிடப்படும் எண்கள் அவ்விருவர் பெயராலேயே வழங்குகின்றன.

அவற்றுள் மூன்று எண்கள் மூடிய பெட்டிக்குப் போதுமானவை. திறந்த வெளியிற் கூம்பு தானே அதிரும் பரிவு மீடிறன் ஒன்று. அப்பரிவின் கூர்மையைக் குறிக்கும் எண் மற்றொன்று. கூம்பின் தொங்கலைப் போன்ற விறைப்புடைய காற்றின் கனவளவு மூன்றாவது. ஓர் ஆறரை அங்குல ஒலிபெருக்கிக்கு இவை முறையே 40 ஹேர்ட்ஸ், 0.35, 24 லீற்றர் எனக் கொள்வோம். பெட்டியின் கனவளவு 8 லீற்றர் ஆயின், 24ஐ 8ஆல் வகுக்க 3. ஒன்றைக் கூட்ட 4. அதன் வர்க்கமூலம் 2. ஆகவே பெட்டிக்குள் பரிவு 80 ஹேர்ட்ஸாகவும் கூர்மை 0.7ஆகவும் இரட்டிக்கும். 0.7 என்பது சமனான ஒலிக்கு விரும்பத்தக்க அளவு. அதே ஒலிபெருக்கியை 3 லீற்றர்ப் பெட்டியில் அடைத்தால் வர்க்கமூலம் 3 ஆகும். பரிவு 120 ஹேர்ட்ஸ், கூர்மை 1.05. அங்கே ஒரு சுரம் மாத்திரம் புடைத்து நின்று, மிருதங்கமாயினும் ஆண்குரலாயினும் எல்லாவற்றையும் ஒரே முழக்கமாக்கிவிடும்.

என் முதற்பெட்டி இந்தப் பிழையையும், இதனிலும் பெரியதொரு பிழையையும் உடையதாயிருந்தது.

என் தந்தையார் எங்கள் ஊர்க் கோயிலில் புராண படனத்துக்குப் பயன் சொல்பவர். அவர் காலமாவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், ஒரு நாட் படிப்பை யாரோ ஒலிநாடாவிற் பதிந்து வைத்திருந்தனர். வீட்டில் எஞ்சியுள்ள அவர் குரல் அஃதொன்றே. அதனை அம்மா தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காகவே நான் பெட்டி செய்யத் தொடங்கினேன். மரக்காலைக்குச் சென்று விலையைப் பாராது ஓரங்குலத் தேக்கம்பலகை வாங்கினேன். மேசையில் அடக்கமாக இருக்கவேண்டுமென வெளியளவைச் சுருக்கினேன். தடித்த பலகை உள்ளிடத்தை விழுங்க, எஞ்சியது 3 லீற்றர் மாத்திரமே. மெருகிட்டு முடித்தபோது பெட்டி நகைப்பேழை போல மின்னியது.

அம்மா சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “ஆரோ குடத்துக்குள்ளை இருந்து கதைக்கிற மாதிரிக் கிடக்குது. ஐயான்ரை குரல் இப்பிடியே இருந்தது?” என்று கேட்டுவிட்டு எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார். நாற்பதாண்டு ஒருவரோடு வாழ்ந்த செவியை எந்த அளவுக்கருவியாலும் ஏமாற்ற முடியாது.

கனவளவுப் பிழையை நான் பின்னர் கணக்கிட்டு அறிந்தேன். ஆயின் சுவரின் பிழையை உணர்த்தியவர் பலகை சீவித் தந்த தச்சாசாரியார். “மாஸ்ரர், அடுத்ததைப் பலாவிலை அடிப்பம். நல்ல நாதம் குடுக்கும், வீணையே அதிலைதானே செய்யிறது” என்றார் அவர். அவர் கூற்று முற்றிலும் உண்மை. அந்த உண்மையே எனக்கு விடையுமாயிற்று. வீணையின் தந்தி தனித்து நின்றால் அதன் ஒலி மிக மெல்லியது. குடம் தானும் அதிர்ந்து, தன் இயல்பை அவ்வொலிக்கு ஈந்து பாடவேண்டும். அதற்கென்றே நாதமுடைய மரத்தைத் தேர்கின்றனர். ஒலிபெருக்கியின் நிலை வேறு. வித்துவான் ஏற்கெனவே பாடி முடித்துவிட்டார்; வீணையின் குடமும் அவ்வொலிப்பதிவிலேயே அடங்கியுள்ளது. அதனை உள்ளவாறு ஒப்புவிப்பதே கூம்பின் கடமை. பெட்டியும் சேர்ந்து பாடுமாயின், அது பாட்டன்று. இடையில் மற்றொருவர் குறுக்கிட்டுப் பேசுவதாகும்.

அப்படியாயின் தடித்த பலகை போதாதா? போதாது. பலகையின் தடிப்பை இரட்டித்தால் அதன் வளைவுக்கெதிரான விறைப்பு எட்டு மடங்காகும். நிறை இரு மடங்காகும். ஆகவே சுவரின் பரிவு மீடிறன் இரட்டிக்குமேயன்றி மறைந்துவிடாது. சில வேளை செவி கூர்மையாக உணரும் இடத்துக்கே அது நகர்ந்துவிடும். பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாகிய பி.பி.சி.யின் ஆய்வாளர்களான ஹாவூட், மத்தியூஸ் என்போர் 1977இல் வெளியிட்ட அறிக்கையொன்று, அளவோடு மெல்லிய ஒட்டுப்பலகையின் உட்புறத்தில் அதிர்வைத் தணிக்கும் கனத்த படலத்தை ஒட்டுவது, தணிப்பற்ற தடித்த பலகையிலும் நல்லது எனக் காட்டியது. அக்கூட்டுத்தாபனம் வெளிக்கள ஒலிபரப்பு வண்டிகளுக்கென அமைத்த எல்.எஸ்.3/5ஏ என்னும் சிறு ஒலிபெருக்கி ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் உயரமே உடையது. அதன் சுவரும் 12 மில்லிமீற்றர் பேர்ச் ஒட்டுப்பலகையே. உள்ளே தார்த்தகடு ஒட்டப்பட்டது. மனிதக் குரல் உள்ளவாறு ஒலிக்கின்றதா என்பதே அவர்களுடைய முதன்மையான சோதனை. என் தாயார் செய்ததும் அதே சோதனைதான்.

இனிப் பெட்டிக்குரிய பொருள்களைச் சுருக்கமாக நோக்குவோம்.

தேக்கு, முதிரை, பலா முதலிய முழுமரங்கள் அழகியவை. ஆயின் மாரியில் உப்பிச் சோளகத்திற் சுருங்குவன. நாற்புறமும் இறுக ஒட்டிய பெட்டியில் அவ்வசைவுக்கு இடமில்லை. மூட்டோ பலகையோ வெடிக்கும். வெடிப்பினூடே காற்றுக் கசிந்தால் மூடிய பெட்டி என்பதற்கே பொருளில்லை. தட்டினாற் கணீரென ஒலிப்பதும் இவற்றின் இயல்பு.

ஒட்டுப்பலகை குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய படைகளை உடைமையால் பருவத்துக்கு எளிதில் அசையாது. இலகுவானது, விறைப்பானது, திருகாணியை நன்கு பற்றும். வெட்டுமுகத்தைப் பார்த்து, உட்படைகளில் வெற்றிடமில்லாததை வாங்குக.

எம்.டி.எப். எனப்படும் அமுக்கிய மரநார்ப்பலகை எங்கும் ஒரே சீரானது. தன்னுள்ளே அதிர்வை ஓரளவு விழுங்கவல்லது, விலையும் நயமானது. தண்ணீர் பட்டால் ஊதிவிடும். ஓரத்தில் இட்ட திருகாணி பிளந்துகொண்டு வெளிவரும். அறுக்கும்போது எழும் நுண்தூள் நுரையீரலுக்குத் தீங்கானது. ஆகவே மூக்கையும் வாயையும் மூடும் முகமூடியணிந்து வெளி முற்றத்தில் அறுத்தல் வேண்டும். சிறு பிள்ளைகளை அருகே விடலாகாது.

வாவ்டேல் நிறுவனத்தை 1932இல் தொடங்கிய கில்பேட் பிறிக்ஸ் என்பார், இரண்டு ஒட்டுப்பலகைகளுக்கிடையே உலர்ந்த மணலை நிரப்பிப் பார்த்து வெற்றி கண்டவர். மணற்பருக்கைகள் ஒன்றோடொன்று உராய்ந்து அதிர்வை வெப்பமாக்கிவிடும். அறிவுக்கு இனிய முறை. ஆயினும் அப்பெட்டியைத் தூக்குவதற்கு இருவர் வேண்டும்.

என் இரண்டாம் பெட்டி 12 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகையால் ஆனது. உள்ளளவு உயரம் 32, அகலம் 20, ஆழம் 12.5 சென்ரிமீற்றர், பெருக்கினால் 8 லீற்றர். கூம்பின் பின்பகுதியும் தாங்குகட்டைகளும் பிடிக்கும் இடத்துக்காக ஆழத்தைச் சிறிது கூட்டிக்கொண்டேன். மூன்றளவும் சமமான கனவடிவை விலக்குக. அவ்வாறாயின் உட்காற்றின் பரிவுகளெல்லாம் ஒரே மீடிறனிற் கூடிவிடும். மோட்டார் வாகனங்களின் அடித்தகட்டில் ஒட்டும் தார்த்தகட்டை வாங்கி உட்சுவர்களில் இரு படையாக ஒட்டினேன். எதிரெதிரான பக்கச்சுவர்களை ஒரு கட்டையால் இணைத்தேன். தலையணைக்குள் இடும் பொலியெஸ்ரர்ப் பஞ்சை இறுக்காமல் நிரப்பினேன். மூட்டுகளின் உட்புறமெங்கும் பசை தடவிக் காற்றுக் கசிவை அடைத்தேன். உயர்சுரத்துக்குரிய சிறு ஒலிபெருக்கியைப் பிரிப்புச் சுற்றினூடாகவே இணைக்க வேண்டும். நேரே இணைத்தால் அதன் சுருள் கருகிவிடும்.

சந்தையிற் பானை வாங்குவோர் விரலாற் சுண்டிப் பார்ப்பர். கணீரென்றால் வாங்குவர், மந்தமாக ஒலித்தால் வெடிப்பென்று விலக்குவர். ஒலிபெருக்கிப் பெட்டிக்கு இவ்விதி தலைகீழானது. விரல்மடக்காற் தட்டும்போது ‘தொப்’ என்று அடங்குமாயின் அதுவே நல்ல பெட்டி. சிறுவயதிற் கேட்ட பானையும் பின்னலையை அடைக்கும் வேலையை நன்றே செய்தது. தான் வாய்மூடி இருக்க மாத்திரம் அறியவில்லை.

இரண்டாம் பெட்டிக்கு மெருகு இடப்படவில்லை. பலகையின் ஓரத்திற் பசை வழிந்த தழும்பு இன்னும் உண்டு. ஒருநாள் மாலை விளக்கேற்றிய பின், ஒன்றும் கூறாமல் ஒலிநாடாவை ஓடவிட்டேன். தந்தையார் ஒரு செய்யுளுக்குப் பயன் சொல்லத் தொடங்குமுன் தொண்டையைச் செருமும் ஒலி கேட்டது. முதற்பெட்டியில் அவ்வொலி முழக்கத்துள் அமிழ்ந்துபோயிருந்தது. அம்மா தலைநிமிர்ந்து பார்த்தார். இம்முறை எழுந்து போகவில்லை. நாடா முடியும்வரை இருந்துவிட்டு, “திருப்பிப் போடு தம்பி” என்றார்.

என்னிடம் வந்த மாணவனுக்கும் இதனையே சொன்னேன். மரத்தைத் தேடுமுன் கணக்கைச் செய். கணக்கு முடிந்ததும் தட்டிப் பார். இறுதியாக, உனக்கு நன்கு பழகிய ஒருவரது குரலைப் பதிந்து, அவரை நன்கு அறிந்தவரிடம் போட்டுக் காட்டு. அவர் முகமே தீர்ப்புச் சொல்லும்.